கரையின் முகமும் சொல்லின் பொருளும்: தமிழ்க் கடலோடிகளின் பேச்சில் கலமும் கடலும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்க் கடலோடிகள் தம் கலங்களையும் தாம் தொழில் செய்யும் கடற்பரப்பையும் பற்றிப் பேசுகையில் வழங்கும் சொற்கள், எந்தக் கரையிலிருந்து பேசப்படுகின்றன என்பதைச் சார்ந்தே முழுப்பொருள் பெறுகின்றன. ஒரே பெயர் கரைக்குக் கரை வேறு கலத்தைச் சுட்டுவதையும், ஒரே பருவக்காற்று கரைக்குக் கரை வேறு பெயரும் வேறு பயனும் பெறுவதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குகிறது. இச்சொற்களை இடக்குறிப்பின்றிப் பதிவு செய்யும் அகராதி முறை போதாது என்பதையும், கடல்சார் எச்சரிக்கைகளைத் தமிழில் ஆக்குவோர்க்கு இந்த இடக்குறிப்பு இன்றியமையாதது என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கடலோடி வழக்கு, கலப்பெயர், காற்றுப்பெயர், நீவாடு, கணிச்சம், அகராதியியல்

1. முன்னுரை

நெய்தல் நிலம் பற்றிய தமிழாய்வுகள் பெரும்பாலும் இலக்கியத்திலிருந்து கரையை நோக்கிச் செல்பவை. பரதவர், உமணர், திமில், கானல், புலம்பு, இரங்கல் என்னும் சொற்களின் வழியே கடற்கரை வாழ்க்கை மீட்டெடுக்கப்படுகிறது. கரையில் வலை செப்பனிடும் இடத்தில் அமர்ந்து, நேற்றைய காற்றையும் நாளைய நீரோட்டத்தையும் பற்றி உரையாடும் கடலோடிகளின் சொற்கள் இவ்வாய்வுகளில் பெரும்பாலும் பின்னிணைப்பாகவே இடம்பெறுகின்றன. வட்டார நாவலின் இறுதியில் தரப்படும் அருஞ்சொற்பொருள் பட்டியலும் மீன்வளத்துறை அறிக்கையின் சொற்பட்டியலும் இத்தகையனவே.

பட்டியலாகத் தரப்படும்போது இச்சொற்கள் ஓர் இன்றியமையாத கூறினை இழந்துவிடுகின்றன. கடலோடியின் பேச்சில் 'தோணி', 'கச்சான்', 'பார்' போன்ற சொற்கள் தனித்து நின்று பொருள் தருவனவல்ல. பேசுபவரின் கரை எத்திசையை நோக்கியுள்ளது, அவர் ஏறிச்செல்லும் கலம் எது, பேசும் காலம் எப்பருவம் என்னும் மூன்றும் கேட்பவருக்குத் தெரிந்திருப்பதால்தான் உரையாடல் நடைபெறுகிறது. அகராதியில் இடம்பெறும்போது இம்மூன்றும் உதிர்ந்துவிடுகின்றன. உதிர்ந்தவற்றை மீண்டும் சேர்த்துப் பார்த்தால் இச்சொற்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பது தெளிவாகும்.

2. பழஞ்சான்றுகள்

சங்க இலக்கியத்தில் கலப்பெயர்கள் பலவாக வழங்குகின்றன. திமில், அம்பி, தோணி, பஃறி, வங்கம், நாவாய், கலம் ஆகியன அவற்றுட் சில. திமில் பரதவரின் மீன்பிடிக் கலமாகவும், வங்கமும் நாவாயும் பெருங்கடலில் செல்லும் பெருங்கலங்களாகவும் பேசப்படுகின்றன. கலம் செலுத்துவோனுக்குரிய 'நீகான்' என்னும் சொல் அகநானூற்றில் (255) இடம்பெறுகிறது. கரையில் எரியும் விளக்கொளியைக் கொண்டு அவன் கலத்தைச் செலுத்தும் செய்தியை அப்பாடல் தருகிறது. காப்பிய வழக்கில் 'மீகான்', 'மீகாமன்' என்னும் வடிவங்கள் காணப்படுகின்றன. 'கலங்கரை விளக்கம்' என்னும் தொடரில் உள்ள 'கரைதல்' அழைத்தல் என்னும் பொருளது. கலத்தை அழைக்கும் விளக்கு என அத்தொடர் விரியும். கலத்தின் நிலையைக் கரையின் ஓர் அடையாளத்தைக் கொண்டு அறியும் முறை இவ்வழக்குகள் அனைத்திலும் அடிப்படையாக உள்ளது.

கல்வெட்டுச் சான்றுகளுள் குறிப்பிடத்தக்கது சுமத்திராவின் மேற்குக் கரையில் பாருசு அருகே லோபு துவா என்னுமிடத்தில் கிடைத்த சக ஆண்டு 1010 (பொ.ஆ. 1088) தமிழ்க் கல்வெட்டாகும். ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினருடைய இக்கல்வெட்டு, கட்டணம் செலுத்த வேண்டியோருள் மரக்கலத்தின் நாயகனையும் 'கேவி' எனப்படும் கலப்பணியாளரையும் தனித்தனியே சுட்டுகிறது. கடல்கடந்த ஒரு துறையில் தமிழ்க் கலத்தில் இருந்தோர் பணிமுறைப்படி பிரித்து அறியப்பட்டனர் என்பதற்கு இது நேரடிச் சான்று. 'கேவி' என்னும் சொல் பிற்கால இலக்கிய வழக்கில் வேரூன்றவில்லை. கலத்தில் வழங்கும் சொல் இலக்கியத்திற்கு வந்தே தீரும் என்ற கட்டாயம் இல்லை என்பதை இது உணர்த்துகிறது. நிகண்டுகளில் கலப்பெயர்கள் ஒருபொருட் பன்மொழியாக ஒரே வரிசையில் தொகுக்கப்பட்டமையும் கருதத்தக்கது. செய்யுள் இயற்றுவோர்க்கு அத்தொகுப்பு பயன்பட்டது. கலங்களுக்கிடையே கடலோடி கண்ட வேறுபாட்டை அது மறைத்தும்விட்டது.

3. ஒரு பெயர், பல கலங்கள்

கலப்பெயர் கரைக்கேற்பப் பொருள் மாறுவதற்குத் 'தோணி' சிறந்த எடுத்துக்காட்டு. தூத்துக்குடியில் 'தோணி' என்பது கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்ற பெருங்கலத்தைக் குறிக்கும். பாய்விரித்து ஓடிய அக்கலங்களில் பிற்காலத்தில் பொறி பொருத்தப்பட்டபோதும் பெயர் மாறவில்லை. மட்டக்களப்பு வாவியில் 'தோணி' என்பது ஓரிருவர் அமர்ந்து துடுப்பு வலிக்கும் சிறுகலம். இரு கரையைச் சார்ந்தோர் ஒருங்கிருந்து 'தோணி கவிழ்ந்தது' என்று பேசிக்கொண்டால், ஒருவர் மனத்தில் பெரும் பொருளிழப்பும் மற்றவர் மனத்தில் நனைந்த உடையும் தோன்றக்கூடும்.

'ஓடம்' என்னும் சொல்லும் அத்தகையது. தமிழகத்து உள்நாட்டு வழக்கில் ஓடம் ஆறு கடக்கும் சிறுகலமாகும். இலட்சத்தீவுகளில் அதே பெயர், தீவுகளுக்கும் மலையாளக் கரைக்கும் இடையே வணிகம் செய்த பாய்க்கப்பலைக் குறிக்கிறது. 'வள்ளம்' மலையாளக் கரையின் காயல்களில் குடைந்தெடுத்த கலமாகவும், மன்னார் வளைகுடாக் கரையில் பலகை இணைத்துக் கட்டிய கடற்கலமாகவும் வழங்குகிறது.

கலத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது கரையின் இயல்பே. அலை உடைந்து சீறும் திறந்த மணற்கரையான சோழமண்டலக் கரையில் கட்டுமரம் நிலைபெற்றது. செதுக்கிய மரங்களைக் கயிற்றால் பிணைத்த அக்கலத்தின் இடைவெளிகளில் நீர் புகுந்து வெளியேறும். ஆகவே அது நீர் நிறைந்து மூழ்குவதில்லை. கரைக்கு வந்தபின் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர்த்துவர். நீரூறிய மரம் மிதப்பாற்றலை இழக்கும் என்பதே காரணம். கடலோடிகள் இதனை 'மரம்' என்றே சுருக்கமாக வழங்குவர். வில்லியம் டாம்பியர் 1697-இல் வெளியிட்ட பயணநூலின் காலத்திலேயே இப்பெயர் ஆங்கிலத்திற்குச் சென்றுவிட்டது. ஆயினும் இன்று ஆங்கிலத்தில் அச்சொல் சுட்டுவது இரட்டை உடற்பகுதி கொண்ட வேறொரு கலத்தை. கரை மாறியதும் பொருள் மாறும் என்பதற்கு மொழி கடந்த சான்றாக இதனைக் கொள்ளலாம்.

சென்னைக் கரையின் மசூலாப் படகும் இக்கருத்தை வலியுறுத்தும். ஆணியின்றித் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்து அமைத்த கலம் அது. அலை மோதும்போது பலகைகள் நெகிழ்ந்து கொடுத்தன. 1861-இல் சென்னையில் அலைதாங்கு மேடை அமைக்கப்படும் வரையில், கப்பலிலிருந்து கரைக்கு வந்த ஆளும் சரக்கும் இத்தகைய படகுகளையே நம்பியிருந்தன. துறைமுகம் உருவானபின் அக்கலத்தின் தேவை குறைந்தது. சென்னை மாகாணத்தின் மீன்வளத்துறையில் இயக்குநராகப் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னல், 1920-இல் இந்தியக் கலவடிவங்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு, கலங்களைக் கரைவாரியாகப் பிரித்து விவரித்தது. கலப்பெயர்களை ஆராயும் மொழியியலுக்கும் அந்த அணுகுமுறை ஏற்றதாகும்.

4. உறுப்புப் பெயர்களும் பணிப் பெயர்களும்

கலத்தின் உறுப்புகளைக் குறிக்கும் பெயர்களில் இருவகைப் படிவங்கள் தெரிகின்றன. அணியம் (முன்பகுதி), அமரம் (பின்பகுதி), ஏரா (அடிமரம்), வங்கு (உள் விலாச்சட்டம்), பாய்மரம், துடுப்பு ஆகியன தமிழ்க் கரைகளில் பரவலாக வழங்குவன. சுக்கான் அரபுச் சொல். நங்கூரம் பாரசீக 'லங்கர்' என்பதிலிருந்து வந்தது. 'மாலுமி' என்னும் சொல்லின் மூலம் அரபு 'முஅல்லிம்'. ஆசிரியன் என்பதே அதன் முதற்பொருள். கடல்வழி அறிந்து கலத்தை நடத்துபவனுக்கு அப்பெயர் வழங்கியது. இன்றைய பொதுத்தமிழில் மாலுமி என்பது கப்பலில் பணிபுரியும் எவரையும் குறிக்குமளவு பொருள் விரிந்துள்ளது. கலத்தலைவனையோ பணியாளர் தலைவனையோ குறிக்கும் 'தண்டையல்', 'சாரங்கு' என்னும் சொற்கள் இந்தியப் பெருங்கடல் துறைமுகங்கள் பலவற்றில் சிற்சில வேறுபாடுகளுடன் வழங்கின.

இவ்விரு படிவங்களும் கலத்தில் கலந்தே இயங்கின. கரைதோறும் சென்ற பெருங்கலத்தில் பிற கரையாரோடு சேர்ந்து பணிபுரிய வேண்டியிருந்தமையால், திசைதிருப்பும் கருவி, நிலைநிறுத்தும் கருவி, பணிமுறைத் தலைமை ஆகியவற்றுக்குப் பொதுச்சொற்கள் தேவைப்பட்டன. ஊர்க்கலத்தை ஊராரே கட்டி ஊராரே ஓட்டியதால், அதன் உடலுறுப்புகளின் பெயர்களில் அத்தேவை குறைவு. கடன்சொற்களின் பரவலை மொழித்தூய்மை என்னும் அளவுகோலால் மட்டும் நோக்கினால் இந்தப் பணிப்பகுப்பு கண்ணுக்குப் புலப்படாது.

வடபுலத்து ஈழத்தின் வல்வெட்டித்துறை இதற்கு வரலாற்றுச் சான்று தருகிறது. அங்குக் கட்டப்பட்ட 'அன்னபூரணி அம்மாள்' என்னும் பாய்க்கப்பல் 89 அடி நீளமுடையது. அதனை அமெரிக்கர் ஒருவர் வாங்கியபின், தமிழ்க் கடலோடிகள் அதனைச் செலுத்திச் சென்று 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறையை அடைந்தனர். அக்கலத்தை நடத்தியவர் ஊர் வழக்கில் இன்றும் 'தண்டையல்' என்னும் பட்டத்தோடுதான் நினைவுகூரப்படுகிறார். அட்லாண்டிக் கடலைக் கடந்த பின்னரும் அப்பட்டத்துக்கு மாற்றாக 'கப்பித்தான்' என்னும் சொல் ஊராருக்குத் தேவைப்படவில்லை.

கடலோடிப் பேச்சிலிருந்து பொதுத்தமிழுக்கு வந்து, தோற்றம் மறந்துபோன வழக்குகளும் உள. புதிய கலத்தை முதன்முதலாக நீரில் ஓட்டிப் பார்த்தலைக் குறிக்கும் 'வெள்ளோட்டம்' இன்று தேருக்கும் தொடர்வண்டிக்கும் கணினிச் செயலிக்கும் உரியதாகிவிட்டது. 'கரைசேர்த்தல்' என்னும் வினை மகளின் திருமணத்தையும் மகனின் வேலையையும் குறிக்கிறது. பொதுவழக்கில் இச்சொற்கள் எந்தக் கரை, எந்தக் கலம் என்னும் வினாவை எழுப்புவதில்லை. பொதுச்சொல் ஆகும்போது இடக்குறிப்பு உதிர்வது இயல்பு. அவ்வாறு உதிர்ந்த நிலையிலேயே தொழிற்சொல்லையும் பதிவு செய்வதுதான் சிக்கல்.

5. காற்றும் நீரோட்டமும்

இலக்கிய மரபு நான்கு திசைக்கும் நான்கு காற்றுகளை வகுத்துள்ளது. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. கடலோடி வழக்கில் வாடையும் கொண்டலும் நிலைத்துள்ளன. தென்றலின் இடத்தில் சோழகமும் கோடையின் இடத்தில் கச்சானும் பெரிதும் வழங்குகின்றன. இந்த மாற்றத்தைப் பெயர் மாற்றம் எனக் கருதி நிறுத்திவிட இயலாது. தென்றல் இன்பம் தரும் மென்காற்று. சோழகம் கலத்தைத் தள்ளும் வன்காற்று. திசை ஏறத்தாழ ஒன்றாயினும் காற்றோடு மனிதருக்குள்ள தொடர்பு வேறு.

ஈழத்துக் கரைகளை ஒப்பிட்டால் இத்தொடர்பு மேலும் தெளிவாகும். யாழ்ப்பாணக் கரையில் சோழகம் என்பது தென்மேற்குப் பருவக்காற்றையும் அது வீசும் காலத்தையும் சேர்த்துக் குறிக்கும். மட்டக்களப்பில் அதே பருவத்தில் மேற்கிலிருந்து வீசுவது கச்சான். தீவின் நடுவிலுள்ள மலைகளில் ஈரத்தை இழந்து, நிலத்தைக் கடந்து, வறண்ட வெப்பக்காற்றாக அது கீழ்க்கரையை அடைகிறது. மேற்குக் கரையில் கடலிலிருந்து கரையை நோக்கி வீசி அலையை எழுப்பும் காற்று, கிழக்குக் கரையில் கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. ஆகவே மேற்குக் கரையில் தொழில் முடங்கும் மாதங்கள் கிழக்குக் கரையில் தொழில் செழிக்கும் மாதங்களாகின்றன. நீர்கொழும்புக் கரையின் தமிழும் சிங்களமும் பேசும் மீனவர்கள் உள்ளிட்ட மேற்குக் கரையார், பருவந்தோறும் கிழக்குக் கரைக்குச் சென்று 'வாடி' அமைத்துத் தொழில் செய்த வழக்கம் இக்காற்றியல்பின் விளைவே.

தமிழகத்திலும் இதே விதி செயற்படுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் சோழமண்டலக் கரையை நோக்கி வாடை கடலிலிருந்து வீசுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேலைக்கரையை அது நிலத்தின் மேலாக வந்து அடைகிறது. 'வாடை பிறந்துவிட்டது' என்னும் செய்தி முன்னைய கரையில் கலத்தைக் கரையேற்றச் சொல்லும்; பின்னைய கரையில் கலத்தை இறக்கச் சொல்லும். ஆகவே காற்றுப்பெயரின் பொருளில் வருதிசை, பருவம், கரையின் முகம் என்னும் மூன்று கூறுகள் உள்ளன. காற்று கடலிலிருந்து வருகிறதா நிலத்திலிருந்து வருகிறதா என்பதே கரையின் முகம். அகராதிகள் முதற்கூற்றைத் தவறாது தருகின்றன. இரண்டாவதைச் சில இடங்களில் தருகின்றன. மூன்றாவதற்கு அவற்றில் இடமே இல்லை.

நீரோட்டப் பெயர்களில் மற்றொரு நுட்பம் உண்டு. தென்கரை வழக்கில் நீரோட்டம் 'நீவாடு' எனப்படும். வலை எத்திசையில் இழுபடும், திரும்பி வர எவ்வளவு நேரமாகும் என்பனவெல்லாம் நீவாட்டைப் பொறுத்தவை. அறிவியல் மரபில் காற்று அது வரும் திசையால் பெயர் பெறும். நீரோட்டமோ அது செல்லும் திசையால் பெயர் பெறும். 'வடகாற்று' என்பது வடக்கிலிருந்து வருவது. அதே முறையில் 'வடக்கு நீரோட்டம்' என்று மொழிபெயர்த்தால் அது வடக்கிலிருந்து வருவதா வடக்கு நோக்கிச் செல்வதா என்னும் ஐயம் எழும். கரைக்குரிய நீவாட்டுப் பெயரில் அந்த ஐயத்திற்கு இடமில்லை. அப்பெயர் அக்கரையாரிடையே ஒரே ஓட்டத்தைத்தான் சுட்டும். ஆகவே வட்டாரச்சொல் துல்லியமற்றது, கலைச்சொல் துல்லியமானது என்னும் பொதுக்கருத்து இவ்விடத்தில் பொருந்துவதில்லை.

6. சொந்தக் கடல்

கடலில் வேலியில்லை, ஆயினும் ஒவ்வோர் ஊர்க் கடலோடிக்கும் தனக்குரிய கடல் உண்டு. அக்கடல் பெயர்களால் ஆனது. கடலடியிலுள்ள பாறைத்திட்டு 'பார்' எனப்படும். முத்துச்சிப்பி விளையும் திட்டுகளும் இப்பெயராலேயே வழங்கின. தூத்துக்குடிக்கு அப்பாலுள்ள தொளாயிரம் பார், மன்னார்ப் பக்கத்துப் பெரிய பார் ஆகியன முத்துக்குளிப்பு ஆவணங்களில் நிலைபெற்ற பெயர்கள். கண்ணுக்குத் தெரியாத கடலடிக்கு நிலத்திலுள்ள வயலைப் போலப் பெயரிடப்பட்டுள்ளமை நோக்கத்தக்கது.

கண்ணுக்குத் தெரியாத பாரினை மீண்டும் சென்றடைய உதவுவது 'கணிச்சம்'. கன்னியாகுமரி, திருவனந்தபுரக் கரைகளில் வழங்கும் இம்முறையில், கரையிலுள்ள மலை, கோயில் கோபுரம், தேவாலயக் கூம்பு, உயர்ந்த தென்னை போன்றவற்றுள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் தோன்றும் நிலையை முதலில் அறிவர். வேறொரு பக்கத்தில் மற்றும் இரண்டு அடையாளங்களால் இன்னொரு கோட்டை அறிவர். இரு கோடுகளும் வெட்டுமிடத்தில் பார் உள்ளது. நிலவரைவியலார் கருவிகொண்டு செய்யும் பணியைக் கண்ணாலும் நினைவாலும் செய்யும் முறை இது. ஆழத்தைப் 'பாகம்' என்னும் அளவால் அறிவர். விரித்த இரு கைகளின் நீளமாகிய அது ஏறத்தாழ ஆறடி. நூலில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி, இழுக்கும்போது கைவிரித்து எண்ணினால் ஆழம் தெரியும். அளவுகோல் கடலோடியின் உடலே.

இராமேசுவரம் தீவைச் சூழ்ந்த கடலுக்குரிய பெயர்கள் சொந்தக் கடல் என்னும் கருத்தைச் செவ்வனே விளக்கும். தீவின் வடபுறத்துப் பாக்கு நீரிணைப் பக்கத்தைப் 'பெண்கடல்' என்றும், தென்புறத்து மன்னார் வளைகுடாவை 'ஆண்கடல்' என்றும் அப்பகுதியினர் வழங்குவர். ஆழம் குறைந்து அமைந்திருப்பது முன்னையது, அலைமிகுந்தது பின்னையது. ஆயினும் இவ்வியல்பு ஆண்டு முழுவதும் மாறாதிருப்பதில்லை. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் வடபுறக் கடல் சீறுகிறது; தென்மேற்குப் பருவத்தில் தென்புறக் கடல் சீறுகிறது. மரபுவழி மீனவர்கள் பருவத்திற்கேற்ப ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குத் தொழிலை மாற்றிக்கொள்கின்றனர். கடலின் 'குணத்தை'ச் சொல்லும் இப்பெயர்களும் பருவக்குறிப்போடு சேர்ந்தே முழுப்பொருள் தருகின்றன.

7. பொறிக்கலமும் சொல்மறைவும்

1950-களில் தொடங்கிய பொறிமயமாக்கமும், பின்னர் வந்த கண்ணாடியிழைப் படகும் வெளிப்பொருத்து இயந்திரமும் கடலோடிப் பேச்சைப் பெரிதும் மாற்றின. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் மறுவாழ்வுப் பணிகளின்போது கண்ணாடியிழைப் படகுகள் பெருமளவில் வழங்கப்பட்டன. அதன்பின் பல கரைகளில் கட்டுமரத்தின் மறைவு விரைந்தது. ஆயினும் சொற்கள் அனைத்தும் ஒரே விரைவில் மறைவதில்லை.

முதலில் மறைவன பாய்சார்ந்த சொற்கள். பாயைத் தாங்கும் குறுக்குமரமாகிய 'பருமல்', பாயின் கீழ்மூலையை இழுத்துக்கட்டும் கயிறாகிய 'தாமான்' ஆகியவற்றைக் கையாளாத தலைமுறைக்கு அச்சொற்கள் பொருளற்றவை. காற்றுப்பெயர்கள் அவ்வளவு விரைவில் மறைவதில்லை. பொறிக்கலத்தையும் அலை தாக்கும்; எரிபொருட் செலவைக் காற்று கூட்டும். நீவாட்டுப் பெயர்கள் அவற்றினும் நீடித்து நிற்கும். கலம் எதுவாயினும் வலை நீரோட்டத்திற்கு உட்பட்டதே. அணியம், அமரம் போன்ற சொற்கள் கண்ணாடியிழைப் படகுக்கும் பொருந்துவதால் தொடர்கின்றன. ஆகவே சொல்மறைவு கருவியின் மறைவைப் பின்தொடர்கிறது. வினை தொடரும் இடத்தில் சொல்லும் தொடர்கிறது.

கணிச்சத்தின் நிலை இவற்றினின்று வேறு. பாரினைச் சென்றடையும் வினை தொடர்கிறது. அதற்குரிய வழி மட்டும் மாறிவிட்டது. ஜிபிஎஸ் கருவி பாரின் இருப்பிடத்தை எண்களாகச் சேமித்துத் தருகிறது. இருளிலும் மழையிலும் அது வழிகாட்டும். கரை தெரியாத தொலைவிலும் பயன்படும். இந்நன்மைகள் மறுக்கத்தக்கனவல்ல. ஆயினும் கணிச்சம் பேச்சின் வழியே கற்கப்பட்டது. எந்தக் கூம்பு எந்த மலைக்கு நேராக வரவேண்டும் என்று மூத்தவர் சொல்ல, இளையவர் கலத்திலிருந்தே கண்டறிந்தார். அவ்வாறு கற்கையில் பாரின் பெயர், ஆழம், அங்குள்ள மீன்வகை, அருகே வலை சிக்கும் இடம் ஆகியனவும் உடன் வந்தன. எண்ணை ஒரு நொடியில் படியெடுக்கலாம்; அதனோடு இச்செய்திகள் வருவதில்லை. மறைவது ஒரு சொல் மட்டுமன்று, ஓர் உரையாடலின் பொருளும் ஆகும்.

வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) வல்லங்களுக்கும் விசைப்படகுகளுக்கும் இடையே எழுந்த மோதலைக் கதையின் பின்னணியாகக் கொண்டது. ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) கட்டுமரத் தொழிலின் சொற்களையும், 'கொற்கை' (2009) தூத்துக்குடித் தோணித்தொழிலின் சொற்களையும் கதைமாந்தர் பேச்சில் இயல்பாக இடம்பெறச் செய்தன. பட்டியல் தராத இடக்குறிப்பைக் கதைச்சூழல் தருகிறது. அவ்வகையில் இப்புதினங்கள் சொல்லாய்வாளர்க்குச் சூழலோடு கூடிய சான்றுகளாகின்றன. புனைவு என்பதால் அவற்றைக் களச்சான்றோடு ஒப்பிட்டே பயன்படுத்த வேண்டும்.

8. அகராதியும் எச்சரிக்கையும்

வின்சுலோ அகராதி (1862) யாழ்ப்பாணத்தில் தொடங்கிய பணியின் விளைவாகும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936) கப்பல் துறைச்சொற்களுக்கும் யாழ்ப்பாண வழக்கிற்கும் தனிக்குறியீடுகளைத் தந்தது. இம்முயற்சி போற்றத்தக்கது. ஆயினும் யாழ்ப்பாணம் ஒழிந்த பிற கரைகளின் சொற்கள் பெரும்பாலும் 'வட்டார வழக்கு' என்னும் ஒரே குறியீட்டில் அடங்கின. எந்த வட்டாரம் என்பது கூறப்படாதபோது கடற்சொல்லுக்கு அக்குறியீட்டால் பயன் சிறிதே.

புதிய கடற்சொல் அகராதியில் ஒவ்வொரு பதிவும் ஐந்து கூறுகளைக் கொண்டிருத்தல் வேண்டும். சொல் வழங்கும் கரை, அக்கரை நோக்கும் திசை, பேசுவோர் பயன்படுத்தும் கலம், பருவம், காற்றாயின் வருதிசையும் நீரோட்டமாயின் செல்திசையும் என்பன அவை. சான்றாக, 'கச்சான்: மட்டக்களப்பு, கிழக்கு நோக்கிய கரை, தென்மேற்குப் பருவம், மேற்கிலிருந்து வருவது, நிலக்காற்று, வறண்டது' என்று அமைந்த பதிவு, 'கச்சான்: மேல்காற்று' என்பதைவிடப் பன்மடங்கு பயன் தரும். வேர்ச்சொல் ஆய்வுக்கும் இம்முறை காவலாகும். சோழகத்தைச் சோழநாட்டோடு ஒலியொப்புமையால் மட்டும் இணைப்போர், பாண்டிக் கரைக்குச் சோழநாடு வடக்கே உள்ளது, காற்றோ தெற்கிலிருந்து வருவது என்னும் முரணுக்கு விடைகூறிய பின்னரே மேற்செல்ல இயலும்.

அகராதியின் தேவை அறிஞர்க்கு மட்டும் உரியதன்று. 2017 நவம்பர் இறுதியில் குமரிக்கடலில் உருவான ஒக்கிப் புயல் நவம்பர் 30 அன்று புயலாக வலுப்பெற்றபோது, கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தனர். தமிழகத்திலும் கேரளத்திலும் உயிரிழந்தோரும் காணாமற்போனோரும் பலர். செய்தி சென்றடையும் தொலைவும் காலமுமே அப்பேரிழப்பில் முதன்மைச் சிக்கல்கள். சொல் சிக்கல் அவற்றுக்கு அடுத்ததே. ஆயினும் செய்தி சென்றடையும் இடத்தில் அது எந்த மொழியில் சென்றடைகிறது என்னும் வினா எஞ்சுகிறது. 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என்னும் தொடர் வானிலையின் நிலையைக் கூறுகிறது. குறிப்பிட்ட கரைக்கு அக்காற்று கடற்காற்றாக வருமா நிலக்காற்றாக வருமா என்பதைக் கூறுவதில்லை. கலத்தைக் கரைநோக்கித் திருப்புவதா, நின்ற இடத்திலேயே அலைக்கு எதிர்முகமாக நிறுத்துவதா என்று முடிவு செய்வோர்க்கு வேண்டுவது பின்னையதே.

ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் மீன் கிடைக்கத்தக்க பகுதிகள் பற்றிய அறிவிப்புகளைத் தமிழ் உள்ளிட்ட கடற்கரை மொழிகளில் வெளியிடுகிறது. அவ்வறிவிப்புகள் மீனிறங்கு துறையிலிருந்தும் கலங்கரை விளக்கத்திலிருந்தும் திசை, தொலைவு ஆகியவற்றையும் மீட்டரில் ஆழத்தையும் தருகின்றன. கரையின் அடையாளத்தை முன்னிறுத்தும் இவ்வமைப்பு கணிச்சத்தின் அடிப்படையோடு ஒத்திருப்பது கருதத்தக்கது. 30 மீட்டர் என்பதோடு ஏறத்தாழ 16 பாகம் என்பதையும், திசைப்பெயரோடு அக்கரைக்குரிய காற்றுப்பெயரையும் இணைத்தால் அறிவிப்பு மேலும் பயன்படும். பாம்பனில் 2016 முதல் இயங்கும் 'கடல் ஓசை' சமுதாய வானொலி போன்றவை ஊர்ப்பேச்சிலேயே கடற்செய்தி கூற முடியும் என்பதற்குச் சான்றாக உள்ளன. இவற்றுக்கு வேண்டிய கரைவாரிச் சொற்றொகுதியை உருவாக்கித் தரும் கடமை தமிழ்த்துறைகளுக்கு உரியது.

9. முடிவுரை

தமிழ்க் கடலோடிகளின் பேச்சு கரையை ஆதாரமாகக் கொண்ட சொற்பொருள் அமைப்பை உடையது. தோணி, ஓடம், வள்ளம் ஆகிய கலப்பெயர்கள் கரை மாறும்போது வேறு கலங்களைச் சுட்டுகின்றன. வாடை, சோழகம், கச்சான் ஆகிய காற்றுப்பெயர்கள் திசை, பருவம், கரையின் முகம் ஆகிய மூன்றும் கூடியே பொருள் நிறைகின்றன. பார், கணிச்சம், பாகம், ஆண்கடல், பெண்கடல் ஆகியன கண்ணுக்குத் தெரியாத கடலடியையும் மாறும் கடலியல்பையும் ஊராரின் பொது அறிவாக்குகின்றன. பாய்க்கலம் மறைந்தபோது அதன் உறுப்புச் சொற்கள் மறைந்தன. காற்றும் நீவாடும் பற்றிய சொற்கள் இன்றும் பயனில் உள்ளன. பாய் விரித்து ஓடிய தலைமுறையினரும் இயந்திரத்தோடு வளர்ந்த தலைமுறையினரும் ஒரே கரையில் அமர்ந்து பேசும் காலம் இன்னும் முடிந்துவிடவில்லை. அக்காலத்திற்குள் ஒவ்வொரு கரைக்கும் தனித்தனியே சொற்றொகுதி எடுக்கப்பட வேண்டும். எந்தக் கரையின் சொல் என்பதைக் குறிக்காமல் தொகுக்கப்படும் கடற்சொல், கணிச்சமின்றிக் கூறப்பட்ட பாரினைப் போன்றது. பெயர் தெரிந்திருந்தும் அதனைச் சென்றடைய இயலாது.